ஒரு வகுப்பறை, இரண்டு ஊதியம்

சர்வதேசப் பள்ளிகளைப் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் மாணவரையும் கட்டணத்தையும் சுற்றியே நிகழ்கிறது. அங்குப் பணியாற்றும் ஆசிரியரைப் பற்றி எழும் ஒரே கருத்து, 'அங்கே சம்பளம் அதிகம்' என்பதுதான். கருத்து பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. யாருக்கு அதிகம், யாரைவிட அதிகம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் விடை சிக்கலாகிவிடுகிறது. ஒரே பள்ளியில், ஒரே பாடத்தை, அடுத்தடுத்த அறைகளில் கற்பிக்கும் இரு ஆசிரியர்க்கு இரு வேறு ஊதியம் வழங்கும் வழக்கம் இத்தகைய பள்ளிகளில் நெடுங்காலமாக உண்டு. வேறுபாட்டுக்கான அளவுகோல் படிப்பும் அன்று, அனுபவமும் அன்று. அந்த ஆசிரியர் எங்கிருந்து நியமிக்கப்பட்டார் என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோல் நியாயமானதா என்ற வழக்கு ஒன்று பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் 1995ஆம் ஆண்டு தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை நடந்தது. தொழிலாளர் சட்டம் பயில்வோர்க்கு அது நன்கு அறிமுகமான வழக்கு. ஆசிரியர்களாகிய நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டதில்லை. அவ்வழக்கையும், அதற்குப் பின்னால் நூறாண்டுக்கு மேல் நீளும் ஒரு பழக்கத்தையும் எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு ஊற்றுகள்

சர்வதேசப் பள்ளி என்ற அமைப்புக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. முதலாவது இலட்சியம் சார்ந்தது. முதல் உலகப்போருக்குப் பின் ஜெனீவாவில் சர்வதேச சங்கமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இயங்கத் தொடங்கின. பல நாடுகளிலிருந்து வந்து அங்கே பணியாற்றியவர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கப்பட்டது. போரில்லாத உலகுக்குரிய குடிமக்களை உருவாக்குவது அதன் கனவு. இன்று பரவலாகப் பேசப்படும் இண்டர்நேஷனல் பாக்கலோரியட் என்னும் பாடத்திட்ட அமைப்பும் 1968இல் அதே நகரில்தான் நிறுவப்பட்டது.

இரண்டாவது ஊற்று, காலனி நாடுகளில் குடியேறிய மேலைநாட்டவர் தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிகள். நம் கொடைக்கானலில் அமெரிக்க மதபோதகர்களின் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கப்பட்ட பள்ளி, 1974இல் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி எனப் பெயர் மாற்றம் பெற்றது. மணிலாவில் 1920இல் அமெரிக்கன் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கப்பட்ட பள்ளி, 1970இல் இண்டர்நேஷனல் ஸ்கூல் ஆயிற்று. பேரரசுகள் மறைந்த பின்னர், அவற்றின் நிழலில் வளர்ந்த பள்ளிகள் பல இவ்வாறு புதுப்பெயர் சூடிக்கொண்டன. பெயர் மாறியபோது பாடத்திட்டம் மாறியது, மாணவர் கூட்டம் மாறியது. ஊதியப் பட்டியல் அவ்வளவு எளிதில் மாறவில்லை. அதன் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை அறிய, பள்ளிகளை விட்டுச் சற்று விலகிக் கல்கத்தாவின் கல்லூரி ஒன்றுக்குச் செல்லவேண்டும்.

கல்கத்தாவில் ஒரு முன்னோட்டம்

ஜகதீஷ் சந்திர போஸ் 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பணியேற்றார். அன்றைய விதிப்படி ஓர் ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அதே பணிநிலையில் உள்ள இந்தியருக்கு. போஸின் பணி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. அவர் கற்பித்தார், ஊதியத்தைத் தொடவில்லை. மூன்றாண்டுகள் இப்படியே கழிந்தன. இறுதியில் அரசு இறங்கிவந்து, பணியேற்ற நாள் முதல் கணக்கிட்டு முழு ஊதியத்தையும் வழங்கியது. இவ்வளவும் பாடநூல்களில் வருவதுதான்.

பாடநூல்கள் சொல்லாமல் விடுவது அதன் பிற்பகுதியை. 1896இல் கல்விப்பணிகள் சீரமைக்கப்பட்டு இந்தியக் கல்விப்பணி, மாகாணக் கல்விப்பணி என இரண்டாகப் பிரிக்கப்பட்டன. முதலாவதற்கான ஆட்கள் இங்கிலாந்தில் தெரிவு செய்யப்பட்டனர், இரண்டாவதற்கு இந்தியாவில். முதலாவதன் ஊதியமும் தகுதியும் உயர்வு. இரண்டாவது எல்லாவகையிலும் தாழ்வு. வேறுபாடு இனத்தைச் சொல்லவில்லை, நிறத்தைச் சொல்லவில்லை; எங்கே நியமிக்கப்பட்டார் என்பதை மட்டுமே சொல்லியது. ஆனால் இங்கிலாந்தில் தெரிவு செய்யப்பட்டோரில் இந்தியர் அரிதினும் அரிது என்பதால் விளைவு ஒன்றேயாயிற்று.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிரபுல்ல சந்திர ராய், 1889இல் மாதம் 250 ரூபாயில் அதே கல்லூரியில் வேதியியல் கற்பிக்கச் சேர்ந்தார். பின்னர் மாகாணக் கல்விப்பணியிலேயே வைக்கப்பட்டார். பணி நியமனத்தின்போது அவர் முறையிட்டதற்கு, இவ்வேலையை ஏற்குமாறு எவரும் உம்மைக் கட்டாயப்படுத்தவில்லையே என்ற பொருள்பட அதிகாரி விடையளித்ததைத் தம் தன்வரலாற்றில் அவர் பதிவு செய்துள்ளார். விருப்பமிருந்தால் சேரலாம், இல்லையேல் போகலாம் என்ற இவ்விடை, பிற்காலத்தில் வேறு நகரங்களிலும் வேறு சொற்களில் ஒலித்தது.

இனத்தை நேரடியாகச் சொல்லும் விதியை எதிர்ப்பது எளிது. போஸ் எதிர்த்தார், வென்றார். இடத்தைச் சொல்லும் விதியோ நாகரிகமானது. தொலைவிலிருந்து வருபவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் என்ன தவறு என்று எவரும் கேட்கலாம். ராய் போன்றவர்களுக்கு அதை எதிர்க்கப் பிடிமானம் கிடைக்கவில்லை. 1885க்கும் 1896க்கும் இடையில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மணிலாவில் நிகழ்ந்தது தெளிவாக விளங்கும்.

மணிலாவுக்கு வந்த கப்பல்

ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைக் கைக்கொண்ட அமெரிக்கா, 1901 ஜனவரியில் அங்கே பொதுக்கல்விச் சட்டம் ஒன்றை இயற்றியது. 74ஆம் சட்டம் என்பது அதன் பெயர். அமெரிக்காவிலிருந்து பயிற்சி பெற்ற 1000 ஆசிரியர்களை வரவழைக்க அது அனுமதி அளித்தது. மாத ஊதியம் 75 டாலருக்குக் குறையாமலும் 125 டாலருக்கு மிகாமலும் இருக்கவேண்டும். வீட்டிலிருந்து மணிலா வரையிலான பயணச்செலவை அரசே ஏற்கும். அவ்வாண்டு ஆகஸ்டில் தாமஸ் என்னும் படைக்கப்பல் ஏறத்தாழ 500 ஆசிரியர்களுடன் மணிலாத் துறையை அடைந்தது. கப்பலின் பெயராலேயே அவர்கள் தாமஸைட்டுகள் என்று அழைக்கப்பட்டனர்.

உள்ளூர் ஆசிரியர்களுக்கோ அந்தந்த ஊராட்சிதான் சம்பளம் கொடுக்கவேண்டும். வந்தவர் ஊதியத்தோடு ஒப்பிடமுடியாத சிறு தொகை அது. ஒரு பள்ளிக்கூடத்தில் இரு கருவூலங்கள் இவ்வாறு தோன்றின.

வந்தவர்களும் சுகமாக இருந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. சம்பளம் அடிக்கடித் தாமதமாயிற்று. மதிப்பிழந்துவந்த மெக்சிகோ வெள்ளி நாணயத்தில் கொடுக்கப்பட்டது. 1902இல் காலரா பரவியது. சிலர் நோயாலும், சிலர் கொலையுண்டும் அங்கேயே மடிந்தனர். ஊரை விட்டு வருவதற்கு ஒரு விலை உண்டு என்பது கற்பனையன்று. அவ்விலையை யார் செலுத்தவேண்டும், எந்த வடிவில் செலுத்தவேண்டும் என்பதே கேள்வி. அரசுப் பள்ளிகளில் அமெரிக்க ஆசிரியர் தொகை காலப்போக்கில் குறைந்தது; ஆனால் 1920இல் எழுந்த அமெரிக்கன் ஸ்கூல் போன்ற தனிப்பள்ளிகளில் இக்கேள்வி உயிரோடிருந்தது.

நான்கு கேள்விகள்

மார்க்கோஸ் ஆட்சிக்காலத்தில், 1975இல், குடியரசுத் தலைவர் ஆணை 732 மணிலா சர்வதேசப் பள்ளிக்குத் தனிச்சலுகைகளை வழங்கியது. அயல்நாட்டுத் தூதரக அலுவலரின் பிள்ளைகளுக்கும் தற்காலிகமாகத் தங்கியிருப்போரின் பிள்ளைகளுக்கும் உரியது அப்பள்ளி. ஆசிரியர்களை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் தன் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம். வேலைவாய்ப்பு குறித்த வழக்கமான சட்டங்கள் அவர்களைக் கட்டுப்படுத்தா. ஒரேயொரு விலக்கு: பணியாளர் பாதுகாப்புக்கான சட்டங்கள் பொருந்தும்.

பள்ளி தன் ஆசிரியர்களை அயல் நியமனத்தார், உள்ளூர் நியமனத்தார் என்று வகுத்தது. வகுப்பதற்கு நான்கு கேள்விகள் வைத்திருந்தது. உம் நிலையான குடியிருப்பு எது? உம் வீட்டுப் பொருளாதாரம் எந்த நாட்டைச் சார்ந்தது? எந்த நாட்டுக்கு நீர் பொருளாதார விசுவாசம் உடையவர்? இப்பள்ளிக்கென்றே வெளிநாட்டில் நியமிக்கப்பட்டுப் பள்ளியின் பொறுப்பில் இங்கே அழைத்துவரப்பட்டவரா நீர்? நான்கில் ஏதேனும் ஒன்றுக்குப் பிலிப்பைன்ஸ் என்பது விடையானால் அவர் உள்ளூர் நியமனத்தார்.

அயல் நியமனத்தாருக்கு வீடு, போக்குவரத்து, சாமான்களைக் கப்பலில் கொண்டுவரும் செலவு, வரி, தாயகம் சென்றுவரும் விடுமுறைப் பயணப்படி ஆகியவை உண்டு. இவற்றுக்கு மேல் அடிப்படை ஊதியமும் 25 விழுக்காடு கூடுதல். ஊதிய வேறுபாட்டுக்குப் பள்ளி இரண்டு காரணங்கள் கூறியது. ஒன்று புலம்பெயர்வு: வீட்டையும் உறவையும் நண்பரையும் விட்டு வரவேண்டும், திரும்பிச் சென்றபின் அங்கே வாழ்வைப் புதிதாகத் தொடங்கவேண்டும். மற்றொன்று பணிக்கால வரம்பு: ஒப்பந்தம் முடிந்தால் வேலை முடிந்தது. நல்ல ஆசிரியர்களை உலகச் சந்தையில் போட்டியிட்டுப் பெறவேண்டிய நிலையில் இந்த ஈர்ப்பு இன்றியமையாதது என்றது பள்ளி. உள்ளூரில் நியமிக்கப்பட்ட வெளிநாட்டவர் சிலரும் பிலிப்பினோ ஆசிரியருக்கு இணையான ஊதியமே பெறுகின்றனர், ஆகவே இது தேச வேறுபாடு அன்று என்பதும் அதன் வாதம். 1896இன் குரல் இதில் கேட்கிறது.

1995 ஜூனில் புதிய கூட்டுப்பேர ஒப்பந்தத்துக்கான பேச்சு நடந்தபோது, பள்ளியின் ஆசிரியர் சங்கம் இந்த 25 விழுக்காட்டைக் கேள்விக்குள்ளாக்கியது. பேச்சு முறிந்தது. செப்டம்பர் 7 அன்று வேலைநிறுத்த அறிவிப்பு கொடுக்கப்பட்டது. சமரச முயற்சி தோற்றபின் தொழிலாளர் துறையே விவகாரத்தைக் கையிலெடுத்தது. 1996 ஜூனில் துறையின் பொறுப்புச் செயலர் பள்ளிக்குச் சார்பாக முடிவு கூறினார். பள்ளியின் சர்வதேசத் தன்மை வெளிநாட்டு ஆசிரியரை வேண்டுகிறது, ஆகவே சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாடு இங்கே பொருந்தாது என்பது அவர் கருத்து. 1997 மார்ச்சில் செயலர் கிசும்பிங் மறுஆய்வு மனுவைத் தள்ளினார். சங்கம் உச்சநீதிமன்றம் சென்றது.

தீர்ப்பு

2000ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று நீதிபதி கபூனான் எழுதிய தீர்ப்பு வெளியாயிற்று. தங்களுக்கு இழைக்கப்படுவது பாரபட்சம் என்ற உள்ளூர் ஆசிரியரின் முறையீட்டைத் தொடக்கத்திலேயே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன் தருக்கம் எளியது. ஒரே பதவியும் ஒரே தகுதிநிலையும் இருவருக்கு வழங்கப்பட்டால், இருவரும் ஒரே வேலையைச் செய்கின்றனர் என்றே கொள்ளவேண்டும். அப்படியன்று என்றால், நிறுவும் பொறுப்பு முதலாளிக்கு உரியது. அயலிலிருந்து வந்தவர் 25 விழுக்காடு கூடுதலாகவோ சிறப்பாகவோ உழைக்கிறார் என்று பள்ளி நிறுவவில்லை.

ஊதியம் என்பது செய்த பணிக்கான ஈடு. ஆளை ஈர்ப்பதற்கான தூண்டில் அன்று அது. அதிலும் மற்றவரைத் தாழ்த்தி ஈர்ப்பதற்கு உரியதன்று. புலம்பெயர்வின் இடர்ப்பாடும் வரம்புக்குட்பட்ட பணிக்காலமும் உண்மையே. அவற்றுக்குத்தான் வீடும் பயணப்படியும் பிறவும் தரப்படுகின்றனவே என்றது நீதிமன்றம். இடத்துக்குரிய இழப்பை இடத்துக்குரிய படியால் ஈடுசெய்யலாம். பாடம் நடத்தியதற்குரிய கூலியில் அதைக் கலக்கக்கூடாது. நூறாண்டாகப் பின்னிக்கிடந்த இரு இழைகளை இந்தப் பாகுபாடு பிரித்துவைத்தது. பணியிலும் தொழிலிலும் பாகுபாட்டைத் தடுக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையும் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. 1924இல் எந்த அமைப்பின் அலுவலர் பிள்ளைகளுக்காக ஜெனீவாவில் சர்வதேசப் பள்ளி எழுந்ததோ, அதே அமைப்பின் உடன்படிக்கை 76 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு சர்வதேசப் பள்ளிக்கு எதிராகச் சான்றாயிற்று. பள்ளியின் சர்வதேசத் தன்மை இதிலிருந்து விலக்குத் தரவில்லை.

தீர்ப்பின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரு சாராரும் ஒரே பேரப்பிரிவில் இடம்பெறவேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் மறுத்துவிட்டது. அயல் நியமனத்தார் அவ்வாறு சேர விரும்பியதாகத் தெரியவில்லை, பள்ளியின் வரலாற்றில் இவ்விரு சாராரும் தனித்தனியாகவே நடத்தப்பட்டு வந்துள்ளனர், ஒரு சாராருக்குப் பணிப்பாதுகாப்பு உண்டு, மறுசாராருக்கு இல்லை, சலுகைகளும் வேறு. இவை காரணங்கள். சட்டநோக்கில் இவற்றில் குறைகாண்பது கடினம். ஆனால் ஒரே வேலை என்று ஒப்புக்கொண்ட பின்னும் ஒரே குரல் கிடைக்கவில்லை. சர்வதேசப் பள்ளிப் பணியின் உண்மையான குறை இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இரு சாராரும் இழப்பது

உள்ளூர் ஆசிரியரின் இழப்பு கண்ணுக்குத் தெரிவது. பணம் மட்டுமன்று அது. இரண்டாண்டுக்கோ மூன்றாண்டுக்கோ ஒருமுறை புதியவர் வருகிறார். அவருக்குப் பள்ளியின் நடைமுறையையும் ஊரின் இயல்பையும் சொல்லிக்கொடுப்பவர் உள்ளூர் ஆசிரியர். பள்ளியின் நினைவு அவரிடம்தான் தங்கியிருக்கிறது. ஆனால் பட்டியலில் அவர் கீழே. தாம் பழக்கிவிட்டவர் தம்மைவிட மதிப்புடையவர் என்று ஒவ்வொரு மாதமும் சம்பளச்சீட்டு அவருக்கு நினைவூட்டும். பெற்றோரும் மாணவரும் இதை அறியாதிருப்பதில்லை. வகுப்பறையில் ஆசிரியர் சொல்லுக்கு இருக்கவேண்டிய எடை, அவர் எந்தப் பட்டியலைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்கிறது.

அயல் ஆசிரியரின் இழப்பு மறைவானது. தொடக்கத்தில் அது இலாபமாகவே தோன்றும். ஆனால் அவருடைய வீடு பள்ளி கொடுத்தது. பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் பள்ளியின் கட்டணச் சலுகையில் நடப்பது. நாட்டில் தங்கும் அனுமதி பள்ளி வேலையோடு பிணைந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் வேலையோடு வீடும், பிள்ளையின் பள்ளியும், தங்கும் உரிமையும் சேர்ந்தே போகின்றன. இப்படி எல்லாமே ஒரு கையில் இருக்கும்போது அந்தக் கையை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. தாயகத்தில் ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலமும் அறுபடுகிறது. சங்கத்தில் அவர் இல்லை. இருந்தாலும் அடுத்த ஆண்டு ஊரிலேயே இருக்கப்போவதில்லை. கூடுதல் ஊதியம் என்பது ஓரளவுக்கு இந்த மௌனத்தின் விலைதான்.

நிலைத்திருப்பவர் குறைவாகப் பெறுகிறார். கூடுதலாகப் பெறுபவர் நிலைத்திருப்பதில்லை. இருவரும் ஒருவரையொருவர் நோக்கி உள்ளூரப் புழுங்குகின்றனர். ஒருவர் மற்றவரின் சம்பளத்தையும், மற்றவர் இவரது பணிப்பாதுகாப்பையும் காண்கின்றனர். இருவரையும் வேறு வேறு மேசைகளில் அமர்த்திப் பேரம் பேசும் நிர்வாகத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. இதில் எவருடைய சூழ்ச்சியும் இருக்கவேண்டியதில்லை; பட்டியல் இரண்டாக இருப்பதே போதும்.

நன்னூல் தன் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு உவமையாக நிலத்தையும் மலையையும் மலரையும் கூறுவதோடு நிறைகோலையும் கூறுவது நாம் அறிந்ததே. நடுநிலை தவறாமல் எடைபோடுபவர் ஆசிரியர் என்பது கருத்து. அந்த ஆசிரியரையே இரு வேறு துலாக்கோல்களில் நிறுத்தும் பள்ளி, மாணவருக்கு உலகக் குடிமை என்னும் பாடத்தை எவ்வாறு கற்பிக்கும்? பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட, ஆசிரியர் அறையில் நடப்பதை மாணவர் கூர்ந்து கவனிக்கின்றனர்.

மணிலாத் தீர்ப்பு அந்நாட்டை மட்டுமே கட்டுப்படுத்துவது. பிற நாடுகளில் உள்ளூர் நியமனம், அயல் நியமனம் என்ற இரட்டைப் பட்டியல் பல பள்ளிகளில் இன்றும் தொடர்கிறது. நம்மவர் இதில் இருபுறமும் நிற்கின்றனர். வளைகுடாவுக்கும் மாலத்தீவுக்கும் ஒப்பந்தத்தில் செல்லும் தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் உண்டு. நம் ஊரின் சர்வதேசப் பள்ளியில் உள்ளூர் ஆசிரியராகச் சேர்பவரும் உண்டு. கையெழுத்திடுமுன் இரு சாராரும் கேட்கவேண்டியவை சில: மொத்தத் தொகையில் ஊதியம் எவ்வளவு, படி எவ்வளவு? வேலை முடிந்தால் உடன் முடிபவை எவை? குறை இருந்தால் யாரோடு சேர்ந்து அதைச் சொல்லமுடியும்? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. மணிலாவில் தீராமல் விடப்பட்டது அதுதான்.

நம் அரசுக் கலைக்கல்லூரிகளிலும் அதே பாடத்தை அதே வகுப்பில் நடத்திவிட்டுத் தொகுப்பூதியம் பெற்றுச் செல்லும் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கின்றனர். அங்கே வேறுபாடு நியமிக்கப்பட்ட ஊரில் இல்லை, நியமிக்கப்பட்ட முறையில் இருக்கிறது. சர்வதேசப் பள்ளிகளைக் குறைகூறும்போது, அதே நான்கு சுவர்களுக்குள் நமக்கு அருகில் நிற்பவரையும் திரும்பிப் பார்ப்பது நல்லது.